வெடிக்காத எள்ளுக்காய்

பிரகதாம்பாள் மேடத்திடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலை வரும். அதனாலேயே அந்த எள் ஆராய்ச்சிப் பண்ணையில் மாணவர்கள் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். சுகிர்தா மட்டும் குறைக்கவில்லை. ஆராய்ச்சிப் பட்டத்துக்காக அவரிடம் சேர்ந்த நாள் முதல் கேட்டுக்கொண்டே இருந்தாள், வேலையும் சேர்ந்துகொண்டே இருந்தது.

எள்ளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காய் முற்றியதும் வாயைப் பிளந்துவிடும். அறுக்க ஆள் வருவதற்குள் நல்ல விதையெல்லாம் மண்ணில் கொட்டிப்போகும். களத்துக்கு வந்து சேரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரு செடி வேண்டும். கையிலிருந்த ரகங்களில் அப்படி ஒன்று இல்லை. விதையை ரசாயனத்தில் ஊறவைத்து விதைத்துப் பார்ப்பது என்று முடிவானது.

அந்த ரசாயனம் விதையின் செல்லுக்குள் புகுந்து மரபணுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைவைக்கும். ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறும். இன்னோரிடத்தில் இழையே அறுந்து, செல் அதை ஒட்டவைக்கும்போது வேறு மாதிரி ஒட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குக் கண் கிடையாது. அந்தக் குருட்டுக் கை ஏதாவது ஒரு செடியில் வாய் திறக்காத காயைத் தந்துவிடாதா என்பதுதான் நம்பிக்கை.

ஊறவைக்கிற அன்று சுகிர்தா கையுறையின் மேல் இன்னொரு கையுறை போட்டுக்கொண்டாள். கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். மேடம் தானும் இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சுகிர்தாவுக்குப் பள்ளியில் படிக்கும்போது ரத்தப் புற்றுநோய் வந்து குணமாகியிருந்தது. அது பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். அப்போது அவளுக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று இந்த ரசாயனத்துக்கு உறவுக்காரன், மரபணுவில் அதைப் போலவே கைவைப்பது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். புத்தகத்தில் இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐசக் என்ற கணக்கு வாத்தியார் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டுக்கொண்டிருந்தான். நோய் வந்துபோனது தெரிந்துதான் கேட்டான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது, கஷ்டமே அதுதான். ஆராய்ச்சி முடியட்டும் என்று சொல்லி அவனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

முதல் விதைப்பு பார்க்கச் சகிக்கவில்லை. பாதி முளைக்கவே இல்லை. முளைத்ததில் பல குட்டையும் கோணலுமாக, இலை சுருண்டு நின்றன. ஒரு செடி முதுகு ஒடிந்ததுபோல் தரையைப் பார்த்தே வளர்ந்தது. சுகிர்தா அதன் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இதோட பிள்ளைங்களும் இப்படித்தான் இருக்குமா?"

"விதையை எடுத்து வை. விதைச்சுப் பார்ப்போம்."

"எந்தச் செடியில எடுக்கணும்?"

"எல்லாத்துலயும். தனித்தனியா."

அவள் எடுத்து வைத்தாள். அடுத்த பருவத்தில் ஒரு தாய்க்கு ஒரு வரிசை என்று விதைத்தாள். வயல் நிறைய எள் எழுந்தது. காய் முற்றத் தொடங்கியதும் வாய் திறக்காத காயைத் தேடி விடிந்ததும் இறங்கி வெயில் ஏறும்வரை வரிசை வரிசையாக நடந்தாள். ஒவ்வொரு செடியையும் ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் சலசலவென்று கொட்டின.

தினமும் மேடத்திடம் வந்து புலம்புவது வழக்கமாகிவிட்டது. எல்லாம் வெறும் எள்ளாகவே இருக்கிறது, மருந்தின் அளவு போதவில்லை, இத்தனை பாடும் வீண் என்பாள். இன்னும் நன்றாகப் பார் என்று மேடம் அனுப்பிவிடுவார்.

ஒரு நாள் அவள் புலம்பவில்லை. ஐசக்கிடம் முடியாது என்று சொல்லப்போவதாகச் சொன்னாள். ஏன் என்று மேடம் கேட்டார். அவள் வயலைக் காட்டினாள்.

"இதுக்குள்ள போன மருந்து எனக்குள்ளயும் போயிருக்கு மேடம். எனக்குப் பிள்ளை பிறந்தா எப்படி இருக்கும்?"

கேட்டுவிட்டு அழுதாள். மேடம் அழவிட்டார். அழுது முடிந்ததும் வழக்கம்போல் வேலை சொன்னார். முதுகொடிந்த அந்தச் செடியின் வரிசைக்குப் போய், தாய் மாதிரியே இருக்கும் ஒரு பிள்ளையைப் பிடுங்கி வரச் சொன்னார்.

சுகிர்தா போனாள். அந்த வரிசையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். குனிந்தும் பார்த்தாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"எல்லாம் நேராத்தான் நிக்குது மேடம்."

"தினமும் வந்து என்கிட்ட என்ன சொல்லிப் புலம்புனே?"

சுகிர்தா அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாம் வெறும் எள்ளாவே இருக்குன்னு."

மேடம் தலையை ஆட்டினார். ஆனால் சுகிர்தா லேசில் சமாதானமாகிற ஆள் இல்லை. படித்த பெண் வேறு. வேறு சில வரிசைகளில் வெளுத்து முளைத்து, பச்சையம் பிடிக்காமல் செத்துப்போன கன்றுகளை அவள் மறக்கவில்லை. அதைச் சொன்னாள்.

"செத்துச்சு. இல்லைன்னு நான் சொல்லலை" என்றார் மேடம். "எள்ளு வேற, நீ வேற. உன்னைப் பத்தி எள்ளுகிட்ட ஏன் கேக்குறே? உனக்கு மருந்து கொடுத்த டாக்டர்கிட்ட கேட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு."

அடுத்த வாரம் இருவரும் பஸ் ஏறி அந்த டாக்டரிடம் போனார்கள். அவருக்கு வயதாகியிருந்தது, ஆனால் சுகிர்தாவை அடையாளம் தெரிந்தது. பழைய கோப்பைப் பார்த்தார், பரிசோதனைகள் செய்யவைத்துப் பார்த்தார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இந்த மருந்து ஏற்றி வளர்ந்தவர்கள் பலர் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றார். மற்ற பெண்களைவிட அவளுக்கு அதிகமாகப் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒன்றுமே ஆகாது என்று எந்தப் பெண்ணுக்கும் எழுதித்தர முடியாது என்றும் சொன்னார். திரும்பி வருகிற வழியெல்லாம் சுகிர்தா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்தே வயலில் இறங்கினார்கள். ஆளுக்கொரு வரிசை. கொஞ்ச தூரம் போனதும் அவளுடைய கை நின்றுவிட்டது.

"மேடம்."

"சொல்லு."

"டாக்டர் நல்லாத்தான் சொன்னார். அப்படியும் ஒண்ணு மாறிப் பிறந்துட்டா?"

மேடம் ஒரு செடியை மெல்ல ஆட்டிப் பார்த்தார். விதை கொட்டியது. அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

"மாறிப் பிறக்குற ஒண்ணுக்காகத்தானே ரெண்டு பேரும் இந்த வெயில்ல நிக்கிறோம்" என்றார்.