காருக்குள் விரிந்த குடை

குன்னூரில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற ஆரோக்கியத்துக்கு, துணிக்கூரை மடங்குகிற பழைய கார் ஒன்றை வாங்கிச் சரிசெய்து ஓட்ட ஆசை. இன்ஜின் நன்றாக இருந்தால் போதும், கூரை கிழிந்திருந்தால் தானே தைத்துக்கொள்வார்.

எஸ்டேட் முதலாளி திருவேங்கடம் தன் காருக்கு யானை விலை சொன்னார். இன்ஜின் அருமையாக ஓடியது.

“தொடாமலே ஒரு குறை காட்டு, பாதி விலைக்குத் தர்றேன்!” என்றார் முதலாளி.

அதற்குள் மழை கொட்டியது. முதலாளி குடையை எடுத்தார்.

“குடை எதுக்குங்க? கார்தான் இருக்கே, கூரையை மூடிட்டு உள்ளே உட்காருங்க.”

மறுக்க வழியில்லாமல் முதலாளி கூரையை மூடிவிட்டு ஏறினார். சற்று நேரத்தில் காருக்குள்ளேயே குடை விரிந்தது.

ஆரோக்கியம் ஜன்னலோரம் குனிந்தார்.

“அந்தப் பாதி விலைக்குக் குடையும் சேர்ந்து வருங்களா, முதலாளி?”