கண்ணில் படாத பல்

திண்டுக்கல்லில் இருபத்தாறு வருடமாகப் பல் வைத்தியம் பார்க்கிற டாக்டர் அழகேசனுக்கு ஒரே ஒரு மனக்குறை. இம்ப்ளான்ட் போடத் தெரியாது. பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் திருகு ஒன்றைப் பதித்து, அதன்மேல் புதுப் பல் கட்டுகிற வேலை அது. "உங்களுக்கு அது வராதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு ஒரு பேங்க் மேனேஜர் மதுரைக்குப் பஸ் ஏறிப் போனார். அன்றைக்கு அழகேசன் முகத்தில் ஈயாடவில்லை.

அவரும் மதுரைக்குப் பஸ் ஏறினார். அங்கே இம்ப்ளான்ட் போடுவதில் பேர்போன டாக்டர் ஜெசிந்தாவிடம் மாணவராகச் சேர்ந்தார். ஜெசிந்தா அவரைவிடப் பதினான்கு வயது இளையவர், அதிகம் பேசாதவர். ஞாயிறுதோறும் பக்கத்தில் நின்று ஒன்பது மாதம் பார்த்தார் அழகேசன். ஆட்டுத் தாடையில் துளை போட்டுப் பழகினார். வாராவாரம் தாடை மட்டும் கேட்கிற மனிதர்மேல் கறிக்கடைக்காரருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"நான் எப்ப மேடம் தனியாப் போடலாம்?"

"முதல் பேஷன்ட் கிடைச்சதும் கூப்பிடுங்க சார். பக்கத்துல நிக்கிறேன்."

கிடைத்தார். டெய்லர் மெகராஜ் பீவி. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. பல்லை எடுத்துவிட்டு அதே குழியில் திருகைப் பதிப்பதாக ஏற்பாடு. ஜெசிந்தா திண்டுக்கல்லுக்கு வந்தபோது இம்ப்ளான்ட் பெட்டி திறந்து தயாராக இருந்தது. திரையில் எக்ஸ்ரே இருந்தது.

"என்ன தெரியுது சார்?"

"எலும்பு அருமையா இருக்கு மேடம். நரம்புக்கு மேல பதினாலு மில்லிமீட்டர்."

"அப்புறம்?"

"அகலமும் தாராளம்."

"அப்புறம்?"

அழகேசன் மறுபடி பார்த்தார். ஒன்பது மாதமாக எலும்பை அளந்து அளந்தே பழகிய கண். அந்த எலும்பில் ஒரு பல் நிற்பது இப்போதுதான் அதற்குத் தெரிந்தது. வேர் இரண்டும் முழுசாக இருந்தன. நாற்காலியில் சாய்ந்திருந்த மெகராஜ் பீவியின் பல்லை இடுக்கியால் பிடித்து அசைத்தார். ஆடவில்லை.

"போன வருஷம் இவங்க வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ரூட் கேனல்" என்றார். பாதிதான் வெளியே கேட்டது.

பல்லை எடுக்காமல் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கிற ரூட் கேனல் அவருக்குக் கைவந்த வேலை. அவர் காப்பாற்றிய பற்கள் ஊரெல்லாம் முறுக்குக் கடித்துக்கொண்டிருக்கின்றன.

ஜெசிந்தா ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

"என்ன டாக்டர் யோசிக்கிறீங்க?" என்றார் மெகராஜ் பீவி. "புடுங்குறதத் தவிர வேற வழியில்லன்னீங்கள்ல. புடுங்கிருங்க. ரெண்டு நாளா மனசத் தேத்திக்கிட்டு வந்திருக்கேன்."

அவரே சொல்கிறார். எடுத்துவிட்டால் கேட்க ஆளில்லை. அழகேசன் பெட்டியைப் பார்த்தார், அந்த அம்மாவின் வாயைப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடினார்.

"எடுக்க வேணாம்மா. பல்லைக் காப்பாத்திரலாம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

இருபத்தாறு வருடத்தில் பேஷன்ட் முன்னால் அவர் இப்படிச் சொன்னதில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னவாம்?" என்று அலுத்துக்கொண்டு வாயைத் திறந்தார் மெகராஜ் பீவி.

ரூட் கேனல் முடிய ஒரு மணி நேரம் ஆனது. அவரை அனுப்பிவிட்டு வந்து அழகேசன் கையுறையைக் கழற்றினார்.

"மன்னிச்சிருங்க மேடம். வீணா வரவச்சுட்டேன். எப்பத் தனியாப் போடலாம்னு இனிமே கேக்கவே மாட்டேன்."

"நாளைக்கே போடுங்க சார்."

"கிண்டல் பண்றீங்களா? இன்னைக்கே நீங்க வேணாம்னுட்டீங்க."

ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் எங்க சார் சொன்னேன்? பெட்டியை மூடினது நீங்கதானே."