படலத்தில் கலந்த வெள்ளைப் பொடி

அந்த ஆய்வகத்தில் குரு இளையவர், சீடர் மூத்தவர். பேராசிரியர் நப்பின்னைக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த செபஸ்தியான், பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்தியே தலை நரைத்தவர்.

லித்தியம் பேட்டரிக்குள் தீப்பிடிக்கும் திரவம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பதிலாகப் பாலிமர் படலம் ஒன்றை வைக்க வேண்டும். லித்தியம் அதன் வழியே போய்வர வேண்டும். செபஸ்தியான் செய்த படலத்தில், சூடேற்றினால் லித்தியம் போனது. ஆறினால் சண்டித்தனம் செய்தது. பல்கலைக்கழகம் கொடுத்த கெடு முடியப் போகிறது. இந்த முறையும் தவறினால் பட்டம் இல்லை.

“கொஞ்சம் அலுமினா பொடி சேருங்க சார்,” என்றார் நப்பின்னை.

“அது பீங்கான் செய்யிற பொடி மேடம். லித்தியத்தைத் தூக்கிட்டுப் போகாது. இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிற படலத்துல மண்ணை அள்ளிப் போடவா?”

கெமிஸ்ட்ரி வாத்தியாரிடம் கெமிஸ்ட்ரி பேசினால் இப்படித்தான்.

“போடுங்க சார்.”

மனசே இல்லாமல் போட்டார். கரைசலைத் தட்டில் ஊற்றி, உலர்த்தி, உரித்து, அளந்து பார்த்தார். சூடேற்றாமலே லித்தியம் ஓடியது. நம்பாமல் மறுபடி அளந்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த வயதிலும் அழுகை வந்துவிட்டது.

“அந்தப் பொடி என்னதான் செஞ்சுது மேடம்?”

நப்பின்னை இரண்டு படலங்களை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். பழையதை மடக்கினார் செபஸ்தியான், விறைத்து நின்றது. புதியதை மடக்கினார், துணிபோல வளைந்தது.

“பாலிமர் இழையைச் சும்மா விட்டா, ஆறினதும் வரிசையாப் படுத்துக்கும். அசையாது. லித்தியத்துக்கு வழி கிடைக்காது. பொடி நடுவுல புகுந்து படுக்க விடலை. அவ்வளவுதான்.”

செபஸ்தியான் படலத்தைப் பத்திரமாகக் கீழே வைத்தார்.

“உங்களை உசிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன் மேடம். ஆய்வேட்டுல நன்றின்னு உங்க பேர் ஒண்ணைத்தான் போடப்போறேன்.”

“வேற யாருமே இல்லையா சார்?”

“வேற யாரு மேடம்? வீட்ல என் சம்சாரம் ஸ்டெல்லா இருக்கா. அவளுக்குப் பேட்டரியும் தெரியாது, பாலிமரும் தெரியாது. இனிமே என்னால ஆகாதுன்னு நான் போர்வையை இழுத்துக்கிட்டப்பல்லாம் சண்டை போட்டு எழுப்பி, பஸ் ஏத்தி விடுவா. அவளுக்கு என்ன தெரியும்?”

நப்பின்னை சிரித்தார்.

“இந்தப் பொடிக்கும் லித்தியம் தெரியாது சார்.”