மல்லாந்து கிடந்த போதகர்

குளக்கரை விலங்குகளுக்கு ஓர் ஓலைக்கூரை ஆலயம் இருந்தது. அதன் போதகர் எபநேசர் என்ற ஆமை. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், வீட்டு ஜெபம் எல்லாவற்றுக்கும் அவர்தான் போக வேண்டும். ஆமை நடையில் குளத்தைச் சுற்றி வருவது லேசுப்பட்ட வேலையா, நீங்களே சொல்லுங்கள்!

ஒருநாள் காலையில் முயலின் வீட்டில் ஜெபம் நடத்தப் போதகர் கிளம்பினார். பாறைச் சரிவில் கால் வழுக்கியது. உருண்டுபோய் மல்லாக்க விழுந்தார். எவ்வளவு முயன்றும் புரள முடியவில்லை. வெயில் வேறு ஏறிக்கொண்டே போனது. இப்படியே கிடந்தால் உயிருக்கே ஆபத்து.

அந்தப் பக்கம் கொக்கு வந்தது.

"தம்பி, நான்..." என்று தொடங்கினார் போதகர்.

"ஐயா! நல்லவேளை, உங்களப் பாத்தேன்! ராத்திரியிலருந்து வயித்துவலி. ஒரு ஜெபம் பண்ணுங்க!"

அவருக்கு மறுக்க மனம் வரவில்லை. மல்லாந்தபடியே ஜெபித்தார். கொக்கு "ஆமென்!" சொல்லிவிட்டுப் பறந்தது.

அடுத்து முயல் வந்தது. "என்னய்யா, எங்க வீட்டுக்கு வராம இங்க படுத்துக் கெடக்கீங்க? கொக்கு வீட்டுக்குன்னா மட்டும் போறீங்க!" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டது.

பிறகு சபைச் செயலர் மயில் ஒரு கூட்டத்தோடு வந்தார். எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம். ஐயா ஏன் இப்படிக் கிடக்கிறார்?

"இதுகூடவா தெரியல? வானத்தப் பாத்து, கை காலெல்லாம் உயர்த்தி ஜெபிக்கிறாங்க! எப்பேர்ப்பட்ட பக்தி!" என்றார் மயில்.

உடனே ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து போர்த்தினார். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். "காப்பாத்துங்க!" என்ற குரல் சரிகைத் துணிக்குள் அமுங்கிப்போனது. பொன்னாடை போர்த்துவதைத் தவிர வேறெதுவும் தெரியாத சபை! நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

தொணதொணவென்று கேள்வி கேட்கும் மைனா ரூத் மட்டும் நகரவில்லை.

"ஜெபம்னா கால் ஏன் இப்படி உதறுது? மூச்சு ஏன் இப்படி வாங்குது?"

துணியை அலகால் விலக்கியது. "ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?"

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லை.

"என்னைப் புரட்டி விடும்மா!"

மைனா போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடிவந்தார்கள். முயல் முதுகால் முட்டுக்கொடுத்தது. கொக்கு அலகால் நெம்பியது. மயில் காலால் தள்ளினார். போதகர் புரண்டார். கொக்கு அலகில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

"விழுந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஐயா!" என்றது முயல்.

"நான் வாயத் திறக்கிறப்பல்லாம் நீங்கதானம்மா பேசினீங்க!" என்றார் போதகர்.

மயில் மெல்லச் சொன்னார்: "இன்னைக்கு வீட்டு ஜெபத்த நாங்களே நடத்திக்கிறோம். நீங்க போய்ப் படுங்க, ஐயா."

"முதல் ஜெபம் உங்களுக்காகத்தான்!" என்றது முயல்.

நமக்காக ஜெபிக்கிறவருக்கும் கால் இடறும். அவரைப் புகழ்ந்துவிட்டுப் போகாமல், என்ன வேண்டும் என்று கேட்டுக் கைகொடுப்பதே நல்ல சபைக்கு அழகு.