குப்பாண்டி முறித்த ஐந்து வில்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் தண்டனையை முதலிலும் விசாரணையை அப்புறமாகவும் வைத்துக்கொண்ட நாளில், ஒரு ராஜாவுக்கு நாணொலி எழுப்பும் ஆசை வந்தது. விஜயதசமியன்று சபை நடுவே எழுந்து நின்று, புது வில்லை எடுத்து, அம்பு வைக்காமலே நாணைக் காதுவரை இழுத்து விட்டார். 'டங்' என்றது நாண். "ஆகா!" என்றது சபை. அந்த ஆகாவுக்கு மயங்கி இன்னொரு தடவை இழுத்தார், இன்னொரு தடவை இழுத்தார். ஏழாம் தடவை வில் படாரென்று இரண்டாக முறிந்து, ஒரு துண்டு ராஜாவின் நெற்றியில் அடித்தது. கிரீடம் உருண்டுபோய்ப் புரோகிதர் காலடியில் நின்றது. யாரோ களுக்கென்று சிரித்துத் தொலைத்தார்கள்.

"யார் செய்த வில் இது?" என்று கர்ஜித்தார் ராஜா.

"வில்லாசாரி சடையன், மகாராஜா," என்று முந்திக்கொண்டார் தளவாய் உக்கிரபாணியார். அந்த ஆசாரி வேலையைத் தம் மச்சினனுக்கு வாங்கிக் கொடுக்க மூன்று வருஷமாக அலைகிறவர் அவர். "பழுதான ஆயுதம் செய்தவனின் வலக்கைக் கட்டைவிரலை வெட்டுவது நம் வழக்கம்."

கட்டைவிரல் போனால் ஆசாரி உளி பிடிப்பது எப்படி, வயிறு கழுவுவது எப்படி? சடையனைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள். அவன் கைகூப்பி நின்றானே தவிர வாய் திறக்கவில்லை. அரசவை விகடன் குப்பாண்டிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. யோசனைக்கு முன்னால் வாய் ஓடுவது அவன் பிறவிக் குணம்.

"மகாராஜா, நல்ல வில்லும் முறியும். ஆசாரியை மட்டும் குற்றம் சொல்லலாமா?"

"ஓகோ! விகடருக்கு வில்வேலையும் தெரியும் போலிருக்கிறது," என்றார் தளவாய். "அவரே தம் கையால் ஒரு வில் செய்து காட்டட்டுமே!"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "நாற்பது நாள் தவணை. எழுதிக்கொள்ளும், ஓலைக்காரரே! இனி இந்தச் சபைக்குள் நுழையும் வில் எதுவானாலும் அம்பில்லாமல் ஏழு முறை நாணொலி எழுப்பிச் சோதிக்க வேண்டும். குப்பாண்டியின் வில் தாங்கினால் ஆசாரி பிழைத்தான். முறிந்தால் இரண்டு பேர் விரலும் போகும்."

குப்பாண்டி அதுவரை ஒரு விளக்குமாற்றுக் குச்சியைக்கூடச் சீவியதில்லை. வில்லுக்கு ஏற்ற சடச்சி மரத்துண்டுகள் வாங்கி வந்து கொல்லையில் உட்கார்ந்தான். முதல் வில்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பழக்காமல் எடுத்த எடுப்பில் காதுவரை இழுத்தான், முறிந்தது. அடுத்ததில் மரத்தின் ரேகை ஒரு பக்கம் ஓட, உளி வேறு பக்கம் ஓடியது. அதுவும் போயிற்று. மூன்றாவது, கணு இருந்த இடத்தைச் சீவப் போய் அங்கேயே முறிந்தது. நான்காவதன் மேல்பாதி மெலிந்து, கீழ்ப்பாதி உலக்கையாக இருந்தது. அது ஒரு இழுப்புக்கூடத் தாங்கவில்லை. முறிந்ததை எல்லாம் எறியாமல், எங்கே முறிந்தது என்று பார்த்துப் பார்த்துச் சுவரோரம் சாத்தி வைத்தான்.

அவன் மனைவி வெள்ளையம்மாவுக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "வெறகு நல்லாத்தான் சேருது. வெரலு போன பிறகு இதை வச்சே சோறாக்கி, நானே ஊட்டியும் விடுறேன்!"

ஐந்தாவது வில் அருமையாக அமைந்தது. வைக்கோற்போரில் நூறு அம்பு விட்டான், அசையவில்லை. குப்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. ராஜாவைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி நின்று, "பாருடி உன் மகாராஜாவை!" என்று வெறும் நாணை இழுத்து விட்டான்.

படார்! நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டது.

"ஏங்க, நூறு அம்பு விட்டப்ப முறியலியே!" என்று ஓடி வந்தாள் வெள்ளையம்மா. "சும்மா இழுத்து விட்டதுக்கா முறியணும்?"

நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "அடியே! அன்னைக்கு வில்லை முறிச்சது ஆசாரி இல்லைடி, நம்ம..." என்றவன் சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். சடையன் ஏன் ஊமையாக நின்றான் என்று இப்போது புரிந்தது. ராஜா கையால் முறிந்தது என்று சொல்ல யாருக்கு நாக்கு இருக்கிறது?

ஆனால் முப்பது வருஷம் வில் பிடித்த தளவாய்க்கு இது தெரியாமலா இருக்கும்? அவர் தம் வில்லை ஒருநாளாவது அம்பில்லாமல் சுண்டியது உண்டா? யோசிக்க யோசிக்கக் குப்பாண்டியின் முகம் மலர்ந்தது. ஆறாவது வில்லை நிதானமாகச் செதுக்கி முடித்தான்.

நாற்பதாம் நாள் சபை கூடியது. ஒரு மூலையில் மரக்கட்டையும் கத்தியும் தயாராக இருந்தன. பக்கத்தில் சடையன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு நின்றான். குப்பாண்டி ஐந்து முறிந்த வில்லையும் ராஜாவின் முன் பரப்பினான்.

"மகாராஜா, இவை இனி எந்தச் சோதனையிலும் முறியவே முறியா!"

"விளையாடாதே. முழு வில் எங்கே?"

ஆறாவதை எடுத்து நீட்டினான். "ம், இழுக்கட்டும்! ஏழு முறை!" என்று தளவாய் துள்ளினார்.

"இழுக்கிறேன் ஐயா. அதற்கு முன் ராஜகட்டளையை ஓலைக்காரர் ஒருமுறை படித்துவிடட்டும்."

ஓலைக்காரர் படித்தார்: "இனி இந்தச் சபைக்குள் நுழையும் வில் எதுவானாலும்..."

"அங்கேயே நிறுத்துங்கள்!" என்றான் குப்பாண்டி. "எனக்கு முன்னால் நுழைந்த வில் ஒன்று தளவாயார் தோளில் தொங்குகிறதே! ராஜகட்டளையில் வரிசை தவறலாமா?"

"சரிதானே," என்றார் ராஜா. "தளவாய், இழுத்துக் காட்டும்."

அது தளவாயின் தகப்பனார் வில். தூசி தட்டக்கூட வேறு யாரையும் தொட விடமாட்டார். நாணைப் பாதி இழுத்தார். மெல்லத் திரும்ப விட்டார். நெற்றி வியர்த்தது.

"என்ன தயக்கம்?"

"ஒரே ஓர் அம்பு வைத்துக்கொண்டு..."

"அன்று நான் வைக்கவில்லையே!"

"அம்பில்லாமல் விட்டால் முறிந்துவிடும், மகாராஜா!" என்று அலறிவிட்டார் தளவாய்.

"அப்படியானால் அன்று நான் இழுத்தபோதே உமக்குத் தெரியும்," என்றார் ராஜா. தளவாய் தலைகுனிந்தார். ராஜாவின் கோபம் எந்தப் பக்கம் திரும்புமோ என்று குப்பாண்டி பயந்தான். சட்டென்று ஐந்தாவது வில்லைத் தூக்கிக் காட்டினான்.

"மகாராஜா, நூறு அம்பு விட்டும் கலங்காத இந்த வில்லை வெறும் நாண் விட்டு முறித்த முட்டாள் அடியேன்தான். இல்லாத படியில் காலை வைத்தால் இடுப்புவரை அதிருமே, அந்தக் கதைதான். அம்போடு போக வேண்டிய வேகம் வில்லுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. இதோ, அடையாளம்!" என்று நெற்றிப் புடைப்பைக் காட்டினான்.

ராஜாவின் கை தானாகவே தம் நெற்றிக்குப் போயிற்று. மீசை துடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்த முட்டாளுக்குத் துணையாக இன்னொரு முட்டாளும் உண்டப்பா! அந்தச் சோதனை இனி வேண்டாம். கேள், என்ன பரிசு வேண்டும்?"

"சடையனின் வலக்கைக் கட்டைவிரல், மகாராஜா."

ராஜா திகைத்தார். "சரி, கொடுத்தோம்."

"இனி அது என் சொத்து. இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது."

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது. விரலோடு ஒரு பொற்கிழியும் கொடுத்தார். தளவாய்க்கு நாற்பது நாள் ஆசாரியின் பட்டறையில் மரம் சீவும் வேலை கிடைத்தது. சடையன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, தன் கட்டைவிரலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு குழந்தையைப் போல அழுதான்.

அழுது முடித்த சடையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறாவது வில்லின் மேல் அந்த விரலை மெல்ல ஓட்டினான். முகத்தைச் சுளித்தான்.

"சாமி, மேல்பாதி ஒரு நூல் ஒல்லியா இருக்கே. அம்பு வச்சு விட்டாலும் இது பத்து நாள் தாங்காதுங்க."

"முறிஞ்சா முறியட்டும், ஆசாரி!" என்றான் குப்பாண்டி. "அடுத்ததை என் விரலை வச்சு நீரே செஞ்சுடும்!"