கரையான் ஏன் மண்ணுக்குள் மறைந்து வருகிறது?

அந்தக் காலத்தில் கரையானும் மனுஷனும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். கரையான் பட்டப்பகலில் வாசல் வழியாகவே வரும், போகும். இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. வீட்டு மரத்தில் கரையான் வாய் வைக்காது. முதல் மழை விட்ட சாயங்காலம், கரையானின் பிள்ளைகள் இறக்கை முளைத்து ஈசலாகிக் கல்யாணத்துக்குப் பறக்கும்போது, மனுஷன் குறுக்கே வரமாட்டான்.

அப்போதுதான் செவத்தையா வீட்டுக்கு ஊரின் முதல் பல்பு வந்தது. வாசலுக்கு மேலே மாட்டினான். நல்ல பொருள்தான், இல்லை என்று யார் சொன்னது? பிள்ளைகள் படித்தன. தேள் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரிந்தது.

வானம் இருட்டிக்கொண்டு வந்த அன்று, தாய்க்கரையான் வாசலில் வந்து நின்றது.

"அண்ணாச்சி, இன்னிக்கு எம்பிள்ளைங்க கல்யாணம். பல்பைக் கொஞ்ச நேரம் அணைச்சு வையுங்க. நிலான்னு நெனச்சு இங்க வந்திரும்."

"அதுக்கென்ன தாயி, அணைச்சாப் போச்சு" என்றான் செவத்தையா.

மழை விட்டது. ஈசல்கள் கிளம்பின. செவத்தையா பல்பை அணைக்கவில்லை. அது மட்டுமா? பல்புக்கு நேர் கீழே அண்டா நிறையத் தண்ணீர் வைத்தான். ஆயிரமாயிரம் ஈசல்கள் பல்பில் மோதி, இறக்கை உதிர்ந்து, தண்ணீரில் விழுந்தன.

தாய்க்கரையான் பதறி ஓடி வந்தபோது அவன் மனைவி ஆவுடைத்தங்கம் சட்டியில் ஈசல் வறுத்துக்கொண்டிருந்தாள். அவன் பொரியோடு கலந்து மென்றுகொண்டிருந்தான்.

"அணைக்கிறேன்னு சொன்னியே, பாவி!"

"கோவிச்சுக்காத தாயி. கல்யாணம்னா சாப்பாடு போடத்தானே செய்வாங்க?"

ஆவுடைத்தங்கத்துக்கே கை நின்றுவிட்டது. "வாயா அது?" என்று சட்டியை இறக்கி வைத்தாள்.

தாய்க்கரையான் அழவில்லை.

"உன் பல்பை நான் தொடமாட்டேன். நல்லா எரியட்டும். அந்த வெளிச்சத்துலயே உன் வீடு மாவா உதிர்றதைப் பாரு. ஆனா எம்பிள்ளைங்களைக் கொன்ன வெளிச்சம் இனி எங்க மேல படக்கூடாது. உங்க மூஞ்சியிலயும் முழிக்கமாட்டோம்."

அடுத்த மழைக்குள் செவத்தையா வீட்டுக் கதவு கையோடு பெயர்ந்து வந்தது. பல்பு மட்டும் பளிச்சென்று எரிந்தது.

இப்போது ஈசல் வந்தால் நாம் ஓடிப்போய் விளக்கை அணைக்கிறோம். என்ன செய்ய, தாய்க்கரையானின் கோபம் இன்னும் ஆறவில்லையே! அன்று முதல்தான் கரையான் தலைக்கு மேல் மண்கூரை கட்டிக்கொண்டு நம் சுவரில் ஏறுகிறது. விளக்குமாற்றால் தட்டிவிட்டால், ஒரு வார்த்தை பேசாமல், மறுநாளே அதே இடத்தில் கட்டிவிடுகிறது.