பின் சீட்டில் எழுந்த புகை

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு.

இருபத்தெட்டு வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவர் நாச்சிமுத்து. மில்லை மூடிவிட்டார்கள். ஆறு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டோரம் ஜுலைகா என்றொரு பெண்மணி பழைய சீமைக் கார்களை மட்டும் பழுதுபார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் காலை அவருடைய ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றார்.

"எனக்குக் கார் வேலை கத்துக் குடுப்பீங்களாங்க?"

ஜுலைகா அவர் கைகளைப் பார்த்தார். முகத்தை அப்புறம்தான் பார்த்தார்.

"கத்துக் குடுக்கலாம். ஆனா நீங்க கேள்வி கேக்கோணும். எல்லாத்துக்கும் தலையாட்டறவங்க எனக்கு வேண்டாம்."

அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்கு ஜுலைகா 'மேஸ்திரி'. ஜுலைகாவுக்கு நாச்சிமுத்து 'அண்ணா'.

மூன்று மாதம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் வரதராஜுலு தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கறுப்பு வண்டி. அவருடைய தாத்தா வாங்கியது. வாசலில் நுழையும்போதே படபடவென்று வெடித்து, தெருநாய்கள் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை பழைய கார் ஊர்வலம்மா. இங்கிருந்து ஊட்டி வரைக்கும். பொண்ணும் பேத்தியும் பின் சீட்டுல வர்றாங்க. பேத்திக்கு எட்டு மாசம்தான் ஆகுது. சைலன்சர்ல சின்னதா ஒரு ஓட்டை. தகடு வெச்சுப் பத்தவெச்சுடுங்க. சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

ஜுலைகா தரையில் கை ஊன்றிக் குனிந்து பார்த்தார்.

"சின்ன ஓட்டை இல்லீங்க. என்ஜின்ல இருந்து வால் வரைக்கும் குழாய் மொத்தமும் போயிருச்சு. மாத்தோணும்."

"மாத்தவே கூடாது. அது வண்டியோட பொறந்த குழாய். போன வருஷம் ஒரு லைட்டை மாத்தினதுக்கே மார்க்கைக் குறைச்சு ரெண்டாம் பரிசுன்னுட்டாங்க."

"ஒட்டுப் போட்டுத் தர மாட்டேனுங்க."

"வண்டி என்னோடது."

"அதை இல்லைங்கலை."

வரதராஜுலுவின் முகம் சிவந்தது. "சாயங்காலம் வருவேன். பத்தவெச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்து நின்ற ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்கு மேஸ்திரி பேசியது பிடிக்கவில்லை. மனசில் வைத்துக்கொள்ளாமல் கேட்டார்.

"மேஸ்திரி, வண்டி அவருது. அவர் சொன்னதைச் செஞ்சு குடுக்கறதுதானுங்களே நம்ம வேலை?"

ஜுலைகா என்ஜின் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு கண்ணுக்குப் போடும் கண்ணாடியையும் ஒரு திருப்புளியையும் நாச்சிமுத்துவிடம் கொடுத்தார்.

"அடியில போய்ப் பாருங்க."

நாச்சிமுத்து ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார். மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். தோள் நுழைவதற்குள் யாரோ கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஜுலைகாதான்.

"ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு இல்லை."

"மில்லுல இதைவிடப் பெரிய மெஷினுக்கு அடியிலெல்லாம் படுத்திருக்கேனுங்க!"

"எந்திரிச்சு வந்துட்டீங்க. அதுக்காக அது சரின்னு ஆயிருமா?"

ஜுலைகா நான்கு இரும்புத் தாங்கிகளைக் கொண்டுவந்து வண்டியை அவற்றின் மேல் இறக்கினார். பிறகு பக்கவாட்டில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். வண்டி அசையவில்லை.

"இப்பப் போங்க."

உள்ளே போனதும் துரு மழையாகக் கொட்டியது. கண்ணாடி இல்லாவிட்டால் கண் போயிருக்கும். நாச்சிமுத்து திருப்புளியின் நுனியால் குழாயைத் தொட்டார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒரு சாண் தள்ளித் தொட்டார். அங்கேயும் அப்படித்தான்.

வெளியே வந்து தலையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "குழாய் போயிருச்சுதான், ஒத்துக்கறேன். ஆனா புகை கீழதானே போகும்? ஓடற வண்டி. காத்து அடிச்சுட்டுப் போயிராதுங்களா?"

ஜுலைகா ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனார். வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டில் சாம்பிராணி போட்டிருந்தார்கள். கனலும் கரியுமாக அதை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். கையால் சுற்றும் காற்றூதி ஒன்றில் டப்பாவைப் பொருத்தி, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயை வண்டியின் வால் குழாய்க்குள் சொருகி, இடைவெளியைத் துணியால் அடைத்தார். வண்டியின் நான்கு ஜன்னல்களையும் ஏற்றி மூடினார்.

"சுத்துங்க."

நாச்சிமுத்து சுற்றினார். முதலில் வண்டிக்கு அடியில் புகை பரவியது. அவர் எதிர்பார்த்ததுதான். பிறகு பின் சீட்டுக்குக் கீழே, கம்பளத்தின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி ஒன்று எழுந்தது. அடித்தளப் பலகைகளின் இடுக்குகளிலெல்லாம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் பின் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.

நாச்சிமுத்துவின் கை தானாக நின்றது.

"மலை மேல போகப் போகக் குளிரும். ஜன்னலை ஏத்திருவாங்க" என்றார் ஜுலைகா. "சாம்பிராணிக்காவது வாசம் இருக்கு. என்ஜின் புகையில இருக்கற விஷத்துக்கு வாசமே கிடையாது. புள்ளை தூங்குதுன்னுதான் நெனைப்பாங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்கு வரதராஜுலு வந்தார். குனிந்து பார்த்தார். தகடும் இல்லை, ஒட்டும் இல்லை.

"சாவியைக் குடும்மா. வேற எடத்துல பாத்துக்கறேன்."

"சாவி அண்ணாகிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜுலைகா கை கழுவக் குழாயடிக்குப் போய்விட்டார்.

நாச்சிமுத்து சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். வண்டியைத் தாங்கிகளிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்தியபோது போட்ட சாவி அங்கேயே இருந்தது.

வரதராஜுலு கையை நீட்டினார். குரலை இறக்கிக்கொண்டார்.

"நீ விவரமான ஆளு. மில்லுல ஃபிட்டரா இருந்தியாமே? நம்ம தேயிலை ஃபேக்டரிக்கு ஆள் வேணும்ப்பா. திங்கட்கிழமையே வந்து சேந்துக்கோ. இப்ப அந்த ஓட்டையை மட்டும் நீயே பத்தவெச்சுரு. ரெண்டு மணி நேர வேலை."

நாச்சிமுத்துவின் கை பையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் இதே குரலில் ஒரு மேலாளர் அவரிடம் பேசியிருக்கிறார். பஞ்சு மெஷினின் பல்சக்கர மூடி அடிக்கடி சிக்குகிறது, கழற்றிவிடு, உற்பத்தி குறைகிறது என்றார். நாச்சிமுத்து தன் ஸ்பேனரால்தான் கழற்றினார். நான்காம் நாள் நஞ்சப்பனின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. விசாரணையில் நாச்சிமுத்து ஒரே வரிதான் சொன்னார்: சொன்னாங்க, செஞ்சேன். அவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகு நஞ்சப்பன் எதிரே வந்தால் அவர் வேறு தெருவில் திரும்பிவிடுவார்.

"குடுப்பா."

"குடுக்க மாட்டேனுங்க."

"என்னது?"

"குடுக்க மாட்டேனுங்க. பத்தவெக்கவும் மாட்டேன். ஃபேக்டரிக்கும் வர மாட்டேன்."

"யாரோட வண்டின்னு நெனைச்சுட்டுப் பேசற? போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. அவங்களுக்கும் சாம்பிராணி போட்டுக் காட்டறேன்."

நாச்சிமுத்து சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"சாம்பிராணியா? என்னய்யா உளர்றே?"

"வண்டிக்குள்ள புகை வருதுங்க. உங்க பொண்ணு உக்கார்ற எடத்துல."

"எங்க தாத்தா காலத்துல இருந்து இதுலதான் போறோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. எங்க, காட்டு பாக்கலாம்!"

வரதராஜுலு கதவைத் திறந்து தானே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கதவை அறைந்து சாத்தினார். நாச்சிமுத்து குழாயடியைத் திரும்பிப் பார்த்தார். ஜுலைகா முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் கை கழுவிக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து ரப்பர் குழாயை வால் குழாய்க்குள் மறுபடி சொருகி, டப்பாவில் புதுக் கனலும் சாம்பிராணியும் போட்டுச் சுற்றத் தொடங்கினார்.

கண்ணாடிக்குப் பின்னால் வரதராஜுலுவின் வேட்டி முதலில் மறைந்தது. பிறகு நெஞ்சு. அவர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். முகமும் மறைந்ததும் நாச்சிமுத்து சுற்றுவதை விட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினார். அதற்குள் கதவு திறந்தது. வரதராஜுலு இருமிக்கொண்டே இறங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மூச்சு வந்த பிறகு திரும்பி, தான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"இந்த ஓரமாத்தான் பொண்ணு புள்ளையைப் படுக்க வெப்பா" என்றார்.

சீட்டிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மாத்துங்க. பரிசு போகுது, மாத்தித் தொலைங்க."

அன்று மாலையே துருப்பிடித்த நட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். சனிக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. என்ஜினோடு குழாய் சேரும் இடத்தில் ஒரு பழைய அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து அதைச் சுரண்டப் போனபோது ஜுலைகா தடுத்தார். "கல்நார் அண்ணா, ஆஸ்பெஸ்டாஸ். தூள் நெஞ்சுல போய் உக்காந்தா எறங்காது." முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டினார்.

பழைய குழாயை அளவாக வைத்துப் புதியதை வளைத்தார்கள். முதலில் எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்டார்கள். பெட்ரோல் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் பக்கத்தில் புதுக் குழாய் நெருங்குகிறதா என்று ஜுலைகா கையை விட்டுப் பார்த்தார். இரண்டு இடத்தில் நெருங்கியது. கழற்றித் திரும்ப வளைத்தார்கள். அப்புறம்தான் என்ஜின் பக்கமிருந்து வால் நோக்கி ஒவ்வொன்றாக முறுக்கினார்கள். அடித்தளப் பலகை இடுக்குகளையும் அடைத்தார்கள்.

மறுபடியும் சாம்பிராணி. வண்டிக்குள் ஒரு இழைகூட எழவில்லை. திறந்த வெளியில் என்ஜினை ஓடவிட்டு, ஆறவைத்து, நட்டுகளை இன்னொரு முறை முறுக்கினார் நாச்சிமுத்து. யாரும் சொல்லாமல் அவரே செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர்வலம் முடிந்ததும், கோத்தகிரிக்குப் போகாமல் கறுப்பு வண்டி மலையிறங்கி வந்து ஒர்க்‌ஷாப் முன் நின்றது. பின் சீட்டில் பேத்தி வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள்.

"போகும்போதும் இதே கூத்து, வரும்போதும் இதே கூத்து. ஒரு நிமிஷம் தூங்கலை" என்றார் வரதராஜுலு. சலிப்பாகச் சொல்லப் பார்த்தார், வாய் சிரித்துவிட்டது.

"பரிசு?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"ஆறாவது எடம். புதுக் குழாய்னு மார்க்கை வெட்டிட்டாங்க. நான் விடுவனா? உங்க வீட்டுப் புள்ளையை ஓட்டைக் குழாய் மேல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வாங்கய்யா, அப்புறம் மார்க்கு போடலாம்னு மைக்குலயே கேட்டுட்டேன்."

வண்டி சத்தமில்லாமல் கிளம்பிப் போனது. குழந்தையின் சத்தம் மட்டும் வளைவு வரை கேட்டது.

நாச்சிமுத்து ஒர்க்‌ஷாப்புக்குள் திரும்பினார்.

"மேஸ்திரி, வெள்ளிக்கிழமை சாவியை எதுக்கு என் தலையில தள்ளிவிட்டீங்க?"

"அவர் சொன்னதைச் செய்யறதுதானே நம்ம வேலைன்னு நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அதனாலதான்."

"நான் பயந்துட்டுக் குடுத்திருந்தேன்னா?"

ஜுலைகா ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"ரோட்டுக்குக் குறுக்க போய்ப் படுத்திருப்பேன்."

"ஒத்தையாவா?"

"எதுக்கு ஒத்தையா? உங்களையும் பக்கத்துல படுக்கச் சொல்லியிருப்பேன்."